மூன்றாம் நாள் காலைக் கணக்கு
ஐம்பதைக் கடந்தபின் வயலுக்குத் திரும்புவோரின் பலமும் களைப்பும்

மருதமுனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் வீடுகள் கடலை அண்டியும் வயல்கள் மேற்கேயும் இருப்பது வாசகர்கள் அறிந்ததே. மருதமுனையாகட்டும், சாய்ந்தமருதாகட்டும், நிந்தவூராகட்டும், பிரதான வீதியைத் தாண்டிச் சைக்கிளிலோ உழவு இயந்திரத்திலோ உள்ளே போனால்தான் வட்டை வரும். 1990இல் வன்செயல்கள் மூண்டபோது அந்த மேற்குப் பாதையில் போவது பலருக்கு இயலாத காரியமாயிற்று. முஸ்லிம்களும் தமிழர்களுமாக எத்தனையோ குடும்பங்கள் வயலை விட்டு வந்தன. அதன்மேல் 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறைதான். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். கடலோரத்தில் வீடிழந்தவர்கள் முகாம்களிலும், உறவினர் வளவுகளிலும், பின்னர் புதிய வீட்டுத் திட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். காணிப் பிணக்குத் தீராமல் காத்திருப்போரும் உள்ளனர்.

1990இல் 30 வயதில் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தவர் இப்போது 65ஐ எட்டிவிட்டார். காணி திரும்பக் கிடைத்தாலும் அந்த முப்பது வயது திரும்பக் கிடைக்கவில்லை. நாம் சந்திக்கும் விவசாயிகள் சொல்வது அனேகமாக ஒரே கதைதான். "ஒரு நாளைக்கு மாடுபோல் வேலை செய்கிறேன், மற்ற நாளைக்கு எழும்ப ஏலாது." எப்போது பலம் வரும், எப்போது போகும் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. இந்த ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது, அதனோடு எப்படிக் கணக்குப் பார்த்து வேலை செய்வது என்பதையே இங்கு எழுதுகிறோம்.

இதை எழுதத் தூண்டியவர் நிந்தவூருக்கு மேற்கே இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர். தமது பெயர் வேண்டாம் என்றார். வயது 62. பல ஆண்டுகள் கடைச் சிப்பந்தியாக இருந்துவிட்டுச் சென்ற மாரிப் போகத்துக்கு வயலில் இறங்கினார். முதல் நாள் மனம் நிறைந்த மகிழ்ச்சி. சுபஹுத் தொழுகை முடித்துப் போனவர் அஸர் வரைக்கும் வரம்பு வெட்டினார். கூட வந்த மருமகன் களைத்து வாடியில் உட்கார்ந்த பிறகும் இவர் நிறுத்தவில்லை. அடுத்த நாள் உடம்பு கொஞ்சம் நொந்தது. "பரவாயில்லை" என்று மறுபடியும் போனார். மூன்றாம் நாள் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. நான்கு நாள் படுத்திருந்தார். திரும்பப் போய் அதையே செய்தார், திரும்பப் படுத்தார். மூன்றாவது தடவை படுத்தபோது, "இனி இந்த உடம்பு வேளாண்மைக்குச் சரிவராது" என்று முடிவுசெய்து காணியைக் குத்தகைக்குக் கொடுக்கப் பேசிவிட்டார்.

அவருடைய உடம்பு வேளாண்மைக்குச் சரிவராத உடம்பல்ல. கணக்குத்தான் பிழைத்தது. இந்தப் பிழையான கணக்கினால், இருபது ஆண்டு காத்திருந்து பெற்ற காணியை இரண்டு கிழமைக் களைப்பில் ஈட்டுக்கோ குத்தகைக்கோ விட்டவர்கள் பலரை நாம் அறிவோம். குத்தகைக்குப் போன காணி எளிதில் திரும்பி வருவதில்லை என்பதையும் அறிவோம்.

பலம் எங்கே போகிறது?

நாற்பது, ஐம்பது வயதுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் தசை குறைகிறது. பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. நெஞ்சும் நுரையீரலும் தசைகளுக்குப் பிராணவாயுவைக் கொண்டுசேர்க்கும் ஆற்றல் பத்தாண்டுக்குப் பத்துச் சதவீதமளவில் இறங்குகிறது. இதை மட்டும் பார்த்தால் மெதுவான இறக்கம்தான். ஒரே நாளில் விழுத்திவிடாது.

விழுத்துவது சும்மா இருத்தல். சராசரியாக 67 வயதுள்ள சுகதேகிகளைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. பத்து நாளில் ஒரு கிலோ என்றால், முகாமிலும் மாடி வீட்டிலும் கடைக் கதிரையிலும் கழிந்த ஆண்டுகளில் எவ்வளவு போயிருக்கும்? வயலைவிட்டு வந்தவர்களின் உடம்பு வயதால் மட்டும் தளரவில்லை. வேலை பறிக்கப்பட்டதாலும் தளர்ந்தது.

ஆறுதலான விடயமும் உண்டு. மேற்குப் பாதை அடைபட்ட அதே 1990ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு எட்டுக் கிழமைகள் கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய பாரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்கையும் தாண்டியது. தொண்ணூறு வயதில் வளரும் தசை அறுபதில் வளராமல் போகாது. அங்கே கூட்டியவர்கள் மெல்லக் கூட்டினார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இக்காலத்து வயல்வேலையின் தன்மை வேறு. முன்பு உழவு, நாற்று நடுகை, களை பிடுங்கல், அருவி வெட்டு, சூடடிப்பு என்று உடம்பு போகம் முழுவதும் வேலையில் இருந்தது. இன்று உழவையும் அறுவடையையும் இயந்திரம் செய்கிறது. மனிதருக்கு மிஞ்சியிருப்பது வரம்பு வெட்டுதல், வாய்க்கால் துப்புரவு, 50 கிலோ உர மூடை தூக்குதல், 16 லீற்றர் மருந்து டாங்கியை முதுகில் சுமத்தல் முதலியவை. நிரம்பிய டாங்கி 20 கிலோ வரை வரும். அதாவது பல கிழமை ஓய்வு, பின் திடீரென இரண்டு நாள் கடும் உழைப்பு. இளைஞனின் உடம்பு இதைத் தாங்கும். ஐம்பது கடந்த உடம்புக்கு இதைவிடக் கெட்ட ஒழுங்கு வேறு இல்லை என்பது எமது அபிப்பிராயம்.

மூன்று காலைகள்

பழக்கமில்லாத வேலை செய்தால் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. அவை ஆறும்போதுதான் தசை பலம் பெறுகிறது. ஆனால் நோவு உடனே தெரிவதில்லை. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்கு வரும். இளவயதில் இது விரைவாக ஆறும். வயது கூடும்போது ஆறுவதற்கு நாள் கூடும். நிந்தவூர்க்காரர் முதல் நாள் மாலை "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. பில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆதலால் செய்த வேலை கூடவா குறையவா என்பதை அன்று மாலை தீர்மானிக்கக் கூடாது. மூன்றாம் நாள் காலையில் தீர்மானிக்க வேண்டும். திங்கட்கிழமை வேலை செய்தால் புதன்கிழமை காலை எழும்பும்போது உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நோவு இல்லை, அல்லது இலேசான இறுக்கம் மட்டும்தான் என்றால் திங்கள் செய்த அளவு உங்களுக்குப் பொருத்தமானது. அதையே இன்னொரு கிழமை செய்து, பின்னர் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். புதன் காலை உடம்பு கனத்துக் கிடந்தால் திங்கள் செய்தது கூடிவிட்டது. அடுத்த முறை அதில் பாதி செய்யுங்கள்.

ஒவ்வொரு காலையும் பார்க்கக்கூடியவை மூன்று உண்டு. இரவு எப்படித் தூங்கினீர்கள் என்பது ஒன்று. எழும்ப முன்னர், படுத்தபடியே மணிக்கட்டில் விரல்வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணுவது இரண்டாவது. வழக்கமாக 70 அடிக்கும் நாடி ஒரு காலை 80 அடித்தால் உடம்பு இன்னும் ஆறவில்லை, அல்லது காய்ச்சலோ நீர்க்குறைவோ இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாவது கால்கள். தொழுகையை நாம் தேகப்பயிற்சியாகப் பேச வரவில்லை. ஆயினும் சுஜூதிலிருந்து எழும்பும்போது வழக்கத்துக்கு மாறாகக் கையை ஊன்றவோ பக்கத்திலுள்ளதைப் பிடிக்கவோ வேண்டியிருந்தால், தொழுபவர் அதை உடனே உணர்வார். மற்றவர்கள் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழும்பிப் பார்க்கலாம். மாடி வீட்டுத் திட்டங்களில் இருப்போருக்குப் படிகளே போதும். கல்முனை கிறீன்பீல்டில் மேல்மாடியில் இருப்பவர் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது என்று தினமும் அறிவார்.

இம்மூன்றையும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஒரு வரியாகக் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். நல்ல நாள், நடுத்தர நாள், கெட்ட நாள் என்று மூன்று அடையாளம் போதும். நடுத்தர நாளில் பாதி வேலை. கெட்ட நாளில் வயலைச் சுற்றி ஒரு நடை, தண்ணீர் பார்த்தல், வட்டைவிதானையோடு கதைக்க வேண்டியதைக் கதைத்தல் என்று இலேசான அலுவல். முழுநாளும் கட்டிலில் கிடக்க வேண்டாம். காய்ச்சலோ வருத்தமோ இல்லாதவருக்கு மெதுவான நடையே நோவை விரைவில் தணிக்கும்.

ஆபத்தானது நல்ல நாள்தான். கெட்ட நாளில் யாரும் அளவுக்கு மிஞ்சி வேலை செய்வதில்லை. பலம் பொங்கும் நாளில்தான், தேங்கிக் கிடந்த வேலை எல்லாவற்றையும் முடித்துவிட மனம் சொல்லும். அந்த நாளில் திட்டமிட்டதை மட்டும் செய்துவிட்டு, மிச்சப் பலத்தோடு வீட்டுக்கு வருவது மிகவும் கடினம். எமது ஊழியர்கள் எத்தனை தடவை சொன்னாலும் விவசாயிகள் மறுப்பது இந்த ஒன்றைத்தான்.

கம்பு நட்டு நிறுத்துதல்

வரம்பு வெட்டப் போகும்போது, தொடங்கும் இடத்தில் ஒரு கம்பும் முடிக்கும் இடத்தில் ஒரு கம்பும் நட்டுவிடுங்கள். முதல் கிழமை 30 அடி என்றால் 30 அடிதான். இரண்டாவது கம்பு வந்ததும் மண்வெட்டியைக் கழுவிவிட வேண்டும். நிந்தவூர்க்காரர் இரண்டாம் முயற்சியில் இதைத்தான் செய்தார். முதலில் அவருக்கு வெட்கமாக இருந்ததாம். அயல் வயற்காரர் "காக்கா, கம்புக்குக் காவலா நிக்கிறீங்க?" என்று பகிடி பண்ணினாராம்.

கனமான வேலையை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் நிழல் என்பது ஒரு நல்ல தாளம். உர மூடையை இருவர் பிடியுங்கள், அல்லது வயலோரத்தில் பிரித்து இரண்டு பாதியாகச் சுமவுங்கள். மருந்து டாங்கியைப் பாதி நிரப்பினால் நடை கூடும். ஆனால் முதுகு தப்பும். வேலை செய்துகொண்டே பக்கத்து வரம்பில் நிற்பவரோடு முழு வசனம் கதைக்க முடியவேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். பிரஷருக்கு அட்டினோலோல், பிசோப்ரோலோல் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு நாடி கூடாதபடி அக்குளிசை தடுத்துவைக்கும். அவர்கள் வேலையின் கடுமையை நாடியால் அளக்க முடியாது. இந்தக் கதைப் பரீட்சையே அவர்களுக்கு உகந்தது.

வெயிலும் ஒரு பாரம்தான். வெயிலில் உழைக்க உடம்பு பழகுவதற்கு 7 முதல் 14 நாட்கள் செல்லும். ஒரு மாதம் நிழலில் இருந்துவிட்டால் அந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விடும். சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களில் முதன்முதலாக இறங்குபவர்கள் முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செய்யாதிருப்பது நல்லது. தாகம் வரும்வரை காத்திராமல் கால் மணித்தியாலத்துக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு கோப்பை தண்ணீர் குடியுங்கள். சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களும், சலம் போகும் குளிசை எடுப்பவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விதைப்புக்கு ஆறு கிழமை முன்பே உடம்பைத் தயார்பண்ணத் தொடங்குங்கள். இன்னும் காணிக்குப் போக முடியாமல் கரையில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். காணிப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்துவதுபோல் கால்களையும் பத்திரப்படுத்த வேண்டும். நாளுக்கு அரை மணித்தியாலம் வேகநடை, கிழமைக்கு இரண்டு நாள் கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சி பத்துப் பத்தாக மூன்று தடவை, இரண்டு போத்தல் தண்ணீரைக் கைகளில் தூக்கி இறக்குதல் என்பவை தொடங்குவதற்குப் போதும். கடற்கரை மணலில் நடப்பது தார் வீதியில் நடப்பதைவிடக் கடினம். அதையும் மெல்லக் கூட்டுங்கள்.

நோன்பும் மாரிப் போகமும்

நோன்பு ஒவ்வோர் ஆண்டும் 10 அல்லது 11 நாள் முன்னே வருகிறது. 2025இல் அது மார்ச் மாதத்தில் வந்தது. எனவே இனிவரும் சில ஆண்டுகளுக்கு மாரிப் போகத்தின் அறுவடைக் காலத்திலும் அதற்கு முந்திய வயல்வேலைக் காலத்திலும் நோன்பு வரும். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை மார்க்கத்தில் உண்டு. அதன் விபரத்தை உங்கள் உலமாக்களிடம் கேளுங்கள். உடம்பைப் பற்றி மட்டும் நாம் சொல்கிறோம். கனமான வேலையைச் சஹருக்குப் பின் வரும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலங்களில் முடித்துவிடுங்கள். லுஹருக்குப் பின் வெயிலில் நிற்க வேண்டாம். அந்த மாதத்தில் வேலையைக் கூட்டும் முயற்சி வேண்டாம், இருந்த அளவைக் காப்பாற்றினால் போதும். நோன்பு திறந்ததிலிருந்து தூங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். நோன்புக் கஞ்சி நீரும் சத்தும் சேர்ந்த நல்ல உணவு.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக் வைத்தியரிடம் பேச வேண்டும். வெறும் வயிற்றில் வேலை செய்தால் இவர்களுக்குச் சீனி திடீரென இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று, அர்த்தமில்லாத கோபம் ஆகியவை அதன் அறிகுறிகள். நோன்பல்லாத நாளிலும் இப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார வேண்டும். நோன்பு நாளிலும் உயிரைக் காக்க நோன்பைத் திறந்தே ஆகவேண்டும்.

சோறும் கறியும்

வயது கூடிய தசை புரதத்தை எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் ஐம்பது கடந்தவருக்குப் புரதம் கூடவே தேவைப்படுகிறது. 60 கிலோ நிறையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம், 50 கிராம் பாசிப்பயற்றில் 12 கிராம் உண்டு. எமது வீடுகளில் காலையில் பிளேன்டீயும் பாணும், பகலில் மீன், இரவில் மிச்சம் என்று போகிறது. மீனைப் பகலில் மட்டும் சேர்க்காமல், காலையில் அவித்த பயறோ கௌப்பியோ, இரவில் முட்டையோ தயிரோ என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட்டால் தசை அதை நன்றாகப் பயன்படுத்தும். நெத்தலிக் கருவாடும் நல்லதுதான். பிரஷர்காரர்கள் உப்பைப் போக்க ஊறவைத்துக் கழுவியே சமைக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் இந்தக் கணக்கைப் பின்பற்றாமல் வைத்தியர் சொன்னபடி சாப்பிட வேண்டும்.

பெண்களைப் பற்றி இக்கட்டுரையில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆண் வயலால் வந்து பாயில் சரிந்தால் அது ஓய்வு. பெண் வயலாலோ மருதமுனைத் தறியாலோ வந்து அடுப்படிக்குப் போனால் அது ஓய்வல்ல. அவளுடைய மூன்றாம் நாள் காலை எப்போதும் கெட்ட நாளாகவே இருப்பதற்கு இதுவே பாதிக் காரணம். மாதவிலக்கு நிற்கும் வயதில் தூக்கம் குலைவதும், அதற்கு முந்திய ஆண்டுகளின் கூடிய குருதிப் போக்கால் வந்த இரத்தசோகையும் மீதிக் காரணம். படியேறும்போது மூச்சிளைப்பும் கண் இமையின் உட்புறம் வெளுத்திருப்பதும் தெரிந்தால் குருதியைப் பரிசோதிக்க வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்துச் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். வேலை நாளில் இரவுச் சமையலை மகனோ கணவனோ பொறுப்பெடுத்தால் எந்தக் குளிசையையும்விட அது உதவும். இதை ஆண் வாசகர்கள் இரண்டு தடவை வாசிக்கவும்.

வலிக் குளிசை

கெட்ட நாளை நல்ல நாளாக்க டைக்ளோபெனக் போன்ற வலிக் குளிசையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகும் பழக்கம் பரவியிருக்கிறது. நோவு மறையும், காயம் மறையாது. அன்றும் அளவு மீறப்படும். அதைவிடப் பெரிய தீங்கு, வியர்த்து நீர் வற்றிய உடம்பில், பிரஷர் குளிசையோடு சேர்த்து இதை எடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். இரைப்பையில் புண்ணும் வரும். வைத்தியர் தராத வலிக் குளிசையை வேலைக்காகப் போடவே வேண்டாம். தாங்க முடியாத நோவுக்குப் பரசிட்டமோல் அளவோடு எடுக்கலாம். கொலஸ்ரோல் குளிசையால் சிலருக்குத் தசைநோவு வருவதுண்டு. அப்படிச் சந்தேகித்தால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

வேறு வகைக் களைப்பு

இதுவரை சொன்னது உழைக்க உழைக்கக் குறையும் களைப்பு. உழைக்க உழைக்கக் கூடும் களைப்பும் ஒன்று உண்டு. 2006 கடைசியில் கல்முனைப் பகுதியிலும் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் சில நாளில் போய், மூட்டுநோவு மாதக்கணக்கில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஐம்பது கடந்தவர்களையே அது கூடுதலாக வருத்துகிறது. 2020 நவம்பரில் அக்கரைப்பற்றில் கொவிட் பரவி ஊரே மூடப்பட்ட பின்னரும், காய்ச்சல் தேறியும் பழைய பலம் வராமல் சிலர் தவித்தார்கள். இவர்களிற் சிலருக்கு ஒரு சிறிய வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடம்பு முழுவதும் விழுந்துவிடும். தூக்கம் போனாலும் தெளிவு வராது. இப்படிப்பட்டவர்களை "சோம்பல்" என்று ஏசி வேலைக்கு இழுப்பதும், அவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டிக்கூட்டிச் செய்வதும் நோயை நீட்டும். அவர்களுக்குக் கணக்கு வேறு. விழாத அளவைக் கண்டுபிடித்து அதற்குக் கீழேயே கிழமைக்கணக்கில் நிற்க வேண்டும்.

எது எந்தக் களைப்பு என்று கொப்பி காட்டும். பாதியாகக் குறைத்துச் செய்தும் மூன்று கிழமை தொடர்ந்து மூன்றாம் நாள் காலை மோசமாகவே இருந்தால் அது வெறும் பழக்கக்குறைவு அல்ல. நீரிழிவு, தைரொயிட், இரத்தசோகை, இருதயம், சிறுநீரகம் என்று தேட வேண்டிய நேரம் அது. சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குக் கொப்பி பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மனத்தின் களைப்பும் உடம்பில்தான் தெரிகிறது. டிசம்பர் கடைசியில், வாடைக்கடல் இரையும் இரவுகளில் தூங்காமல் விழித்திருப்போர் எமது கரையில் எத்தனையோ பேர். அந்த நாட்கள் மாரிப் போகத்தின் நடுவில் வருகின்றன. அந்தக் கிழமைகளில் கொப்பியில் கெட்ட நாட்கள் கூடினால் அதிசயிக்க வேண்டாம். வேலையைப் பாதியாக்குங்கள், தனியாக வயலுக்குப் போகாதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் நோவு, குளிர்ந்த வியர்வையோடு மூச்சுத் திணறல், கண் இருண்டு விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்காருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுநோவு இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். மூச்சிளைப்பும் காரணமில்லாத பெருங்களைப்பும் மட்டுமே தெரியலாம். வெயிலில் வியர்வை நின்று, தோல் கொதித்து, பேச்சுக் குழம்பினால் அது வெப்பத் தாக்கம். நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே உதவியை அழைக்க வேண்டும். இலவச சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கம் 1990. எமக்கு மறக்க முடியாத ஆண்டே அந்த இலக்கமாக இருப்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் எளிது. வட்டையில் எந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில், எந்தப் பாதையால் வரவேண்டும் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அம்புலன்ஸ்காரருக்கு உங்கள் வயலின் பெயர் தெரியாது.

அரசாங்க வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயது கடந்தவர்களுக்குப் பிரஷர், சீனி, நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை போய் வாருங்கள். ஏற்கெனவே கிளினிக் போகிறவர்கள் அந்த அப்பியாசக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள். "களைப்பாக இருக்கிறது ஐயா" என்று சொன்னால் நெரிசலான கிளினிக்கில் வைத்தியருக்கு அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. கடந்த ஆறு கிழமையில் எத்தனை நல்ல நாள், எத்தனை கெட்ட நாள், கெட்ட நாளுக்கு முதல் நாள் என்ன வேலை, நாடி எத்தனை, என்ன குளிசை என்று கொப்பியை நீட்டினால், இரண்டு நிமிடத்தில் அவர் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். நிந்தவூர்க்காரரின் கொப்பியைப் பார்த்துத்தான் அவருடைய பிரஷர் குளிசையின் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு ஏக்கரில் ஒன்றை அவர் இப்போது மருமகனோடு பங்காகச் செய்கிறார். மற்ற ஏக்கர் இந்தப் போகமும் குத்தகையில்தான் இருக்கிறது.